ஒரேயொரு தமிழ்ப் படிவம்

மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் முகாமையாளர் கேட்டார். தலைப்பையும் அவரே தந்தார்: ‘ஊழியர்கள் மனமொன்றி உழைக்கும் உண்மையான பணியிடக் கலாசாரத்தைக் கட்டியெழுப்புதல்’. வாசித்து முடிக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. வெள்ளவத்தையில் என் வீட்டு வரவேற்பறையில் ‘சிறந்த பணியிடம்’ என்று எழுதிய ஒரு கண்ணாடிக் கேடயம் இருக்கிறது. ஓய்வுபெற்ற அன்று கம்பனி எனக்குச் செய்து தந்த பிரதி அது. அதைக் கண்டுவிட்டுத்தான் அவர் என்னைப் பிடித்தார்.

அவர் கேட்டதை என்னால் எழுத முடியாது. நான் எந்தக் கலாசாரத்தையும் கட்டியெழுப்பவில்லை. ஏற்கனவே இருந்த ஒன்றை, அது என்னவென்று தெரியாமலே, கெடுத்தேன். அதற்குப் பரிசும் வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவாவிட்டாலும் எனக்குச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நாங்கள் மருந்து இறக்குமதி செய்து நாடு முழுவதும் அனுப்புகிற கம்பனி. அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், கண்ணாடிக் கட்டடம், குளிரூட்டி, மெதுவாகக் கதைக்கிற மனிதர்கள். களஞ்சியம் தெமட்டகொடையில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் போகும்போதெல்லாம் அங்கே பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். எல்லோரும் அதை ‘ஸ்டோர்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். கொள்ளுப்பிட்டியில் இருந்தவர்களுக்கு ஸ்டோர்ஸ் என்பது தொலைபேசியில் கேட்கிற ஒரு சத்தம்.

எனக்கு முன் மனிதவள முகாமையாளர் நாற்காலியில் இருந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. எழுதுவினைஞராக வந்து மேலே ஏறியவர். செவ்வாய்க்கிழமை காலையில் என்ன தலைபோகிற வேலை இருந்தாலும் ஒரு ஓட்டோவைப் பிடித்து ஸ்டோர்ஸுக்குப் போவார். சரியாகப் பத்து மணிக்கு அங்கே தேத்தண்ணி. பெரிய அலுமினியக் கேத்தலில் பொதி கட்டும் பகுதிப் பெண்கள் ஊற்றிக் கொடுப்பார்கள். மீன் அடைத்த மாலு பாண் ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டு, பலகைப் பெட்டியொன்றில் உட்கார்ந்து கிரிக்கெட் கதைப்பார். குறிப்பெடுக்க மாட்டார். பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்கவும் மாட்டார். நான் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த புதிதில், சம்பளத்தோடு மாலு பாண் தின்பதற்கு ஒரு பதவியா என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். வழக்கம்போலக் கதை, வழக்கம்போலச் சிரிப்பு. ஓட்டோவில் அவரோடு திரும்பி வந்தேன். பொரளையைத் தாண்டியபின், “இண்டைக்கு ஒத்தரும் ரெண்டாவது கோப்பை கேக்கல்ல. ஏதோ ஈக்குது மகள்” என்றார்.

அடுத்த நாள் புதன்கிழமை. அவருடைய நாளே அல்ல. மறுபடி போனார். பந்துல என்றொரு சிங்கள இளைஞர், அப்போது சரக்குச் சரிபார்ப்பவராக இருந்தவர், தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாராம்: புதிய நேர அட்டவணையில் வெள்ளிக்கிழமை இடைவேளையை மாற்றிவிட்டார்கள், முஸ்லிம் பெடியங்கள் தொழுகைக்குப் போக முடியாமல் இருக்கிறார்கள், பெரியவரும் முஸ்லிம் என்பதால் அவரிடம் சலுகை கேட்கிறதுபோல ஆகிவிடும் என்று வாய் திறக்காமல் இருக்கிறார்கள். இரண்டே நாளில் அட்டவணை மாறியது. அதுபற்றி எந்தக் கடிதமும் எழுதப்படவில்லை. அதனால் எந்தக் கோப்பிலும் அது இல்லை.

ஓய்வுபெற்றுப் போகும் அன்று அவர் என்னிடம் சாவியைத் தந்தார், அலுமாரியைக் காட்டினார், கடைசியில் வாசலில் நின்று, “செவ்வாய்க்கிழமை தேத்தண்ணியை மட்டும் உட்ராதீங்க மகள்” என்றார். நானும் ஓம் என்றேன்.

மூன்று மாதம் போனேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்றால், நான் படித்தவள். மாலை வகுப்புக்குப் போய் மனிதவள முகாமைத்துவத்தில் டிப்ளோமா எடுத்திருந்தேன். தேத்தண்ணி குடிப்பது ஒரு முறைமை ஆகுமா? அதை அளக்க முடியாது, பணிப்பாளர் சபைக்குக் காட்ட முடியாது. அதனால் நான் ‘திறந்த கதவு நேரம்’ என்று ஒன்றைத் தொடங்கினேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணி முதல் பதினொன்று வரை கொள்ளுப்பிட்டியில் என் அறைக் கதவு திறந்திருக்கும், யாரும் வரலாம், எதையும் சொல்லலாம். மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டினேன். ஸ்டோர்ஸிலிருந்து யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வருவதற்கு ஸ்டோர்ஸ் முகாமையாளரிடம் அரைநாள் லீவு கேட்க வேண்டும், எதற்கு என்று அவர் கேட்பார். இது எனக்கு ஒரு வருடத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குள் நான் அடுத்ததற்குத் தாவிவிட்டேன், செவ்வாய்க்கிழமை கதவு திறக்கிறதை மட்டும் விடவில்லை.

‘நாம் ஒரே குடும்பம்’ என்று நெஞ்சில் எழுதிய மஞ்சள் டீ-சேர்ட் எல்லோருக்கும் கொடுத்தேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் யோகாசனம். ஸ்டோர்ஸில் மூன்று வாரத்திலேயே அந்த மஞ்சள் டீ-சேர்ட்டால் பாரந்தூக்கி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், பஞ்சுத் துணி, துடைக்க நல்லாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வருடம் பணிப்பாளர் சபைக்கு ‘சிறந்த பணியிடம்’ விருதுக்கு விண்ணப்பிக்கும் ஆசை வந்தது. அதற்கு ஊழியர் கருத்துக் கணிப்பு வேண்டும். பெயர் போடத் தேவையில்லாத படிவம். முதலில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் அச்சடிப்பதாக இருந்தார்கள். நான்தான் சண்டை பிடித்துத் தமிழிலும் அச்சடிக்க வைத்தேன். இந்தக் கதையில் நான் பெருமைப்பட்ட ஒரே விடயம் அதுதான். வந்த வினையும் அதனால்தான் என்று சொன்னால் பொய். அதை நான் கையாண்ட விதத்தால் வந்தது.

படிவங்களைக் கொடுக்க நானே தெமட்டகொடைக்குப் போனேன். நெடுநாளைக்குப் பிறகு போகிறேன். பொதி கட்டும் பகுதியில் செல்வராணி இருந்தாள். ஜிந்துப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். பதினாலு வருடமாக அதே மேசை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகக் கதைப்பாள், ஆனால் எழுதத் தெரியாது. பந்துல இதற்குள் ஸ்டோர்ஸ் முகாமையாளர் ஆகியிருந்தார். அவளுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். அவர் அவளை ‘நங்கி’ என்பார், இவள் அவரை ‘அய்யே’ என்பாள். தங்கை, அண்ணன் என்று கூப்பிடுகிற பழக்கம் வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் உண்மையாகவே அப்படி இருந்த இடம் அது. அதற்கு டீ-சேர்ட் தேவைப்படவில்லை.

செல்வராணி தமிழ்ப் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“மிஸ், இத யாரு வாசிப்பாங்க?”

“தமிழ்ப் படிவத்தை நான்தான் வாசிப்பன். எங்கட பிரிவில வேற ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதே.”

“பேரு போட வேணாமா?”

“வேண்டாம். மனசில இருக்கிறதை அப்பிடியே எழுதுங்கோ. ஆர் எழுதினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு.”

‘அதுக்கு நான் பொறுப்பு’ என்று சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

படிவங்கள் வந்து சேர்ந்தன. ஸ்டோர்ஸிலிருந்து ஒரே ஒரு தமிழ்ப் படிவம்தான் இருந்தது. அங்கே தமிழ் பேசுகிற இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் சிங்களப் படிவத்தில் எழுதியிருந்தார்கள். சிங்கள மொழியில் படித்த பெடியங்கள்தானே என்று நான் அதை அலட்சியமாக விட்டேன். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தத் தமிழ்ப் படிவத்தின் கடைசிக் கேள்விக்குக் கீழே நாலு வரி இருந்தது. நான் அதை மறக்கவில்லை.

‘குளிரறையில் சூடு பார்த்து ஒரு நாளைக்கு மூன்று தரம் எழுத வேண்டும். ஆள் பற்றாததால் காலையிலேயே மூன்றையும் எழுதி வைக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நேரம் கிடைத்தால் வந்து பாருங்கள்.’

குளிரறை என்பது இன்சுலின், தடுப்பூசி போன்றவை இருக்கும் அறை. குளிர் குறைந்தால் மருந்து கெடும். கெட்டது வெளியில் தெரியாது. போட்டுக்கொள்கிறவருக்குத்தான் தெரியும், அதுவும் பிந்தி.

எனக்கு அதை வாசித்தபோது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். முதலில் திடுக்கிட்டேன். அடுத்த கணமே ஒரு சந்தோசம் வந்தது. எங்கள் ஊழியர்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறார்கள் பார், கணிப்பு வெற்றி என்று. முதல் இரண்டு வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையில் போட்டேன். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதைப் போட இடம் இருக்கவில்லை. ‘வந்து பாருங்கள்’ என்பதைக் கடிதத்தின் முடிவில் எல்லோரும் எழுதுகிற மரியாதை வார்த்தை என்று விட்டுவிட்டேன். கூடவே ஓர் அட்டவணை தயாரித்தேன். எந்தப் பிரிவிலிருந்து, எந்த மொழியில், எத்தனை படிவம். தமிழில் அச்சடித்தது வீண்போகவில்லை என்று சபைக்குக் காட்ட வேண்டும் என்ற வீறாப்பு எனக்கு.

கூட்டத்தில் அட்டவணை திரையில் விழுந்தது. ஸ்டோர்ஸ் வரிசையில், தமிழ் என்ற தலைப்பின் கீழ், ‘1’. அதற்கு அடுத்த திரையில் குளிரறை பற்றிய அந்தக் கருத்து. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நானே போட்டிருந்தேன்: ‘தமிழிலிருந்து’.

தலைமைப் பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “யார் இது?” என்றார்.

“பெயர் சொல்லாத கணிப்பு, சேர்” என்றேன். என் வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

பந்துலவும் கூட்டத்தில் இருந்தார். முந்தைய திரையை ஒருமுறை திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த ‘1’ஐப் பார்த்தபடி இருந்தார். ஸ்டோர்ஸில் சிங்களம் எழுதத் தெரியாதவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டம் முடிந்து மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றபோது அவர் சிங்களத்தில் சொன்னார். “மிஸ், நான் இப்போ ஸ்டோர்ஸுக்குத்தான் போகிறேன். வாகனம் இருக்கிறது. நீங்களும் வாருங்கள், எல்லோரும் இருந்து கதைப்போம்.”

இந்த இடத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். அந்த மனிதர் கோபத்திலும் என்னைக் கூப்பிட்டார். நான் போயிருந்தால் அவர் கேட்டிருப்பார், அவள் சொல்லியிருப்பாள், இடையில் நான் இருந்திருப்பேன். ஆள் பற்றாக்குறை அவருடைய பிழை அல்ல. ஆள் கேட்டு அவர் அனுப்பிய மூன்று கடிதங்கள் கொள்ளுப்பிட்டியில், என் பிரிவில்தான் தூங்கிக்கொண்டிருந்தன. நான் சொன்னது இதுதான்: “விருது விண்ணப்பம் முடிக்க வேணும் பந்துல. அடுத்த கிழமை பார்ப்பம்.”

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

குளிரறைக்குத் தானாகப் பதிவு செய்யும் கருவி பொருத்தினார்கள். மருந்துகளைச் சோதித்தார்கள், நல்ல வேளையாக எதுவும் கெட்டிருக்கவில்லை. பந்துலவுக்கு எழுத்தில் எச்சரிக்கை போனது. இருபது வருடத்தில் அவர் வாங்கிய முதல் எச்சரிக்கை. அவர் செல்வராணியை ஏசவில்லை, பழிவாங்கவில்லை. அவளோடு கதைப்பதை நிறுத்தினார், அவ்வளவுதான். ‘நங்கி’ போய் ‘செல்வராணி’ ஆனாள். மற்றவர்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். தாங்களும் குளிரறைத் தாளில் பொய்க் கணக்கு எழுதியிருக்கிறோம் என்ற பயம் அவர்களுக்கு. பத்து மணிக் கேத்தலைச் சுற்றி இருக்கிற கூட்டம் அவள் வந்தால் கலைந்துவிடும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பந்துல தொலைபேசியில் கேட்டார், அவளை அலுவலகத்துக்கு மாற்ற முடியுமா, இங்கே அவளுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல என்று. கடைசியாக ஒன்று சொன்னார். “அவள் என்னிடம் சொல்லியிருக்கலாமே, மிஸ்.”

அவள் அவரிடம் முன்பே இரண்டு தரம் சொல்லியிருந்தாள். சரக்கு இறக்குகிற அவசரத்தில் அவர் தலையாட்டிவிட்டு மறந்துபோனார். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரியும். முன்னால் தெரிந்திருக்க வேண்டியது எதுவுமே எனக்கு முன்னால் தெரியவில்லை.

இடமாற்றக் கடிதத்தைத் தமிழில் நானே எழுதினேன். ‘தங்களது நீண்டகால அனுபவத்தையும் திறமையையும் கருத்திற்கொண்டு’ என்று தொடங்கினேன். கொள்ளுப்பிட்டியில் ஐந்தாம் மாடிக் கோப்பறை. யன்னல் இல்லாத அறை, பேச ஆளில்லை. கைகால் ஓயாமல் நாள் முழுக்க நின்று வேலை செய்த மனுசியைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்தேன். என் அறைக்கு ஒரு மாடி மேலே. ஒருநாளாவது ஏறிப்போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேனா? மின்தூக்கியில் கண்டால் சிரிப்பேன். மூன்றாம் மாதம் விலகல் கடிதம் வந்தது. ‘சொந்தக் காரணம்’ என்று இரண்டே வார்த்தை. கையொப்பம் வைத்து அனுப்பினேன்.

விருது கிடைத்தது. ‘பெயர் குறிப்பிடாத ஓர் ஊழியரின் கருத்தால் மருந்துப் பாதுகாப்பு முறையே மாறியது’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். நடுவர்களுக்கு அந்தப் பந்திதான் மிகவும் பிடித்திருந்ததாம். ஹோட்டல் மண்டபத்தில் மேடைக்குப் போய்க் கேடயத்தை வாங்கியவளும் நான்தான்.

அடுத்த வருடமும் அதே கணிப்பைச் செய்தோம். ஸ்டோர்ஸ் மதிப்பெண்கள் அதுவரை இல்லாத உச்சம். எல்லாவற்றுக்கும் ‘மிகத் திருப்தி’. கருத்து எழுதும் இடம் எல்லாப் படிவத்திலும் வெறுமையாக இருந்தது. தமிழ்ப் படிவம் ஒன்றுகூட வரவில்லை. சபையில் கைதட்டினார்கள். அங்கே இனி யாரும் எங்களை நம்பப் போவதில்லை என்பதற்கு அந்த உச்ச மதிப்பெண்ணே சாட்சி. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நானும் சேர்ந்து கைதட்டினேன்.

இத்தோடு முடித்திருந்தால் உங்களுக்கு ஒரு பாடம் சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் போன வருடம் இன்னொன்று நடந்தது.

எனக்கும் இப்போது இன்சுலின்தான். கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் மருந்து முடிந்துவிட்டது. தெருமுனையில் இருந்த ஒரு சின்னப் பாமசிக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் செல்வராணி. தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், “வாங்க மிஸ்” என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி.

வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டை வாங்கிப் பார்த்தாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். மருந்தை எடுப்பதற்கு முன்னால் உள்ளே இருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்து, பக்கத்தில் கயிற்றில் தொங்கிய கொப்பியில் எழுதினாள். அதற்குப் பிறகுதான் மருந்தில் கை வைத்தாள்.

“வெள்ளவத்தைக்குத்தானே போறீங்க? ஐஸ் வச்சுக் கட்டித் தர்றேன்.”

இத்தனை வருடமாக மனதில் கட்டி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “செல்வராணி, நான் உங்கட பேரை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ஆனா அந்த அட்டவணையைப் போட்டது நான்தான். அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சவை. என்னை மன்னிக்க வேணும்” என்றேன்.

“தெரியும் மிஸ்.”

“எப்ப தெரியும்?”

“எழுதும்போதே தெரியும். தமிழ்ல எழுதுனா நாந்தான்னு தெரிஞ்சிரும். மத்த ரெண்டு பேரும் அதுக்குத்தானே சிங்களத் தாள வாங்குனாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க, எழுதாதக்கா, சும்மா குடுத்துருன்னு.”

“பிறகேன் எழுதினீங்கள்?”

அவள் ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி, மருந்தை நடுவில் வைத்து, பசைநாடாவை இழுத்து ஒட்டினாள். பழைய கை, அதே வேகம்.

“யாரு வாசிப்பாங்கன்னு கேட்டேன். நாந்தான் வாசிப்பேன்னு சொன்னீங்க. அதான் ஒங்களுக்கு எழுதுனேன். கம்பனிக்கு எழுதல மிஸ். வந்து பாருங்கன்னும் போட்டிருந்தேனே.”

நான் காசை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

“பெரிய சேர் மாதிரி செவ்வாக்கெழம வருவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. “பத்து மணிக்கு ஒங்களுக்கும் ஒரு கோப்ப ஊத்தி மூடி வச்சிருந்தேன். அப்புறம் ஆறிப்போச்சு.”

பொதியை என் கையில் தந்து, வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். அடுத்த ஆள் வந்துவிட்டார், அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

பஸ்ஸில் வரும்போது அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தேன். அன்று பத்து மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று தேட வேண்டிய தேவையில்லை. அறிவித்தலில் மூன்று மொழியிலும் போட்டிருந்தேனே. கொள்ளுப்பிட்டியில், என் அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.